பினாங்கில் அம்மாவின் முழங்காலுக்கு ஏற்ற அருவியும் ஏரியும் எவை?

கிள்ளானிலிருந்து மூன்று நாள் பினாங்குக்கு வருகிறீர்கள். கூட 67 வயது அம்மாவும் எட்டு வயது மகனும். மலைப்பக்கமாக அருவியோ ஏரியோ பார்க்க எளிதான நடைபாதை வேண்டும் என்கிறீர்கள். பினாங்கு அருவிகளெல்லாம் வறண்டு போய்விட்டன, நேரம்தான் வீண் என்று ஒருவர் சொன்னது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இடையில், அம்மாவுக்குப் படி ஏறுவதை விட இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் கேள்வியின் நடுப்புள்ளியாகத் தெரிகிறது. எத்தனை கிலோமீட்டர் என்பதை விட எவ்வளவு இறக்கம், அதன் தரை எப்படிப்பட்டது, பாதியில் முடியாமல் போனால் எங்கே திரும்பலாம் என்ற மூன்றையும் பார்த்தே உங்கள் குடும்பத்துக்கு இடம் சொல்ல வேண்டும்.

முதலில் அந்த வறட்சிப் பேச்சு. அது பாதி உண்மை. பினாங்குத் தீவு கருங்கல் மலை. ஓடைகள் குட்டையானவை, கடலும் பக்கத்திலேயே இருப்பதால் பெய்த மழை சீக்கிரம் வழிந்து போய்விடுகிறது. அதோடு, தீவின் நல்ல அருவிகளில் பெரும்பாலானவற்றில் குடிநீருக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள். ஜார்ஜ்டவுன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தண்ணீர்மலை அருவியை நம்பித்தான் வளர்ந்தது. நம்மவர்கள் அந்தப் பகுதிக்கு வைத்த பெயரே அதைச் சொல்லும். மூன்றாவது காரணம் பருவம். பினாங்கில் ஜனவரியும் பிப்ரவரியும்தான் மிக வறண்ட மாதங்கள், செப்டம்பர், அக்டோபரில் மழை உச்சத்தில் இருக்கும். நம் ஆட்களில் பலர் பினாங்குக்கு வருவது தைப்பூசத்துக்கு, அதாவது அருவிகள் மிகவும் மெலிந்திருக்கும் நாட்களில். உங்களிடம் சொன்னவரும் அப்போதுதான் வந்திருப்பார் என்பது என் ஊகம். ஏப்ரல், மே மாதங்களிலும், ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரையிலும் வந்தால் தண்ணீர் இருக்கும். ஆனால் அதே மாதங்களில்தான் பாதை வழுக்கும், ஓடை திடீரென்று பெருகும். இரண்டையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். எப்படியும் கேமரன் மலைக்குப் போகும் வழியில் இருக்கும் லாத்தா இஸ்கண்டர் போன்ற பெரிய அருவியை எதிர்பார்த்து இங்கே வராதீர்கள். இங்கே அழகு என்பது நிழல், பாறை, சின்னச் சின்ன நீர்க்குட்டை, தூரத்தில் தெரியும் கடல்.

அம்மாவின் முழங்காலை அளந்து பார்க்கத் தண்ணீர்மலையிலேயே ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. மலைமேல் இருக்கும் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். முதல் நாள் காலை ஏழு, ஏழரைக்குள் வெயில் ஏறுவதற்கு முன் அங்கே போங்கள். அம்மா நின்று நின்று ஏறினாலும் பரவாயில்லை, மூச்சு வாங்குவது இயல்பு. இறங்கும்போது கவனியுங்கள். கைப்பிடியில் உடம்பின் பாரத்தைச் சாய்க்கிறாரா, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் அடுத்த படிக்கு இறங்குகிறாரா, மறுநாள் காலை எழும்போது முழங்கால் வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் இல்லை என்றால் கீழே சொல்லும் எல்லா இடங்களுக்கும் போகலாம். ஒன்றுக்கு ஆம் என்றாலும் காட்டுப்பாதையை விட்டுவிட்டுத் தார் போட்ட இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மருத்துவர் படியே ஏறக்கூடாது என்று சொல்லியிருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம், அடிவாரத்தில் கும்பிட்டுவிட்டு நேராகப் பூங்காவுக்குப் போய்விடுங்கள்.

பூங்கா என்றது கோயிலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் தாவரவியல் பூங்காவை. பழைய கருங்கல் குவாரி இருந்த பள்ளத்தாக்கில் 1884-இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் அமைத்தது. நுழைவு இலவசம். மலைகள் மூன்று பக்கமும் சூழ, நடுவே ஓடை, சுற்றிலும் தார்ச்சாலை. மெதுவாக நடந்தாலும் முக்கால் மணி நேரத்தில் ஒரு சுற்று முடியும், ஏற்ற இறக்கமும் பெரிதாக இல்லை. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ‘வாட்டர்ஃபால் கார்டன்’ என்று பழைய பெயர் இருந்தாலும் அருவியின் அடிவாரம் குடிநீர் நிறுவனத்தின் வேலிக்குள் இருக்கிறது. முன் அனுமதி இல்லாமல் அங்கே போக முடியாது. பூங்காவுக்குள் ஓடையின் சத்தம் கேட்கும், பாறைகளுக்கிடையே நீர் ஓடுவது தெரியும், அவ்வளவுதான். இதை முன்பே தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் வராது. மகனுக்கு நாகலிங்க மரத்தைக் காட்டுங்கள். அடிமரத்திலிருந்தே பூவும் பீரங்கிக் குண்டு போன்ற காயும் தொங்கும். நம் கோயில்களில் பார்த்த பூதான் என்று அம்மா அவனுக்குக் கதை சொல்ல அது ஒரு நல்ல இடம்.

பூங்கா வாசலிலிருந்து கொடிமலை (பினாங்கு ஹில்) உச்சிக்கு ஒரு தார்ச்சாலை போகிறது, ஜீப் பாதை என்பார்கள். ஐந்து கிலோமீட்டர்தானே, தார்தானே என்று பலர் இதை எளிது என்று பரிந்துரைப்பார்கள். உங்கள் அம்மாவுக்கு இது வேண்டவே வேண்டாம். செங்குத்தான தார்ச்சாலையில் இறங்குவது காட்டுப்பாதையை விட முழங்காலுக்குக் கொடியது. படியிலாவது பாதம் சமமாக ஊன்றும், சரிவில் ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசைதான் உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும். கொடிமலை பார்க்க ஆசை என்றால் ஆயர் ஈத்தாமிலிருந்து மலை ரயிலில் போய் ரயிலிலேயே இறங்குங்கள். உச்சியில் ஒரு முருகன் கோயிலும் உண்டு. கீழே இருப்பதை விடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் அங்கே அருவியோ ஏரியோ கிடையாது.

நீங்கள் கேட்டதற்கு மிகப் பொருத்தமான இடம் என் கணக்கில் ஆயர் ஈத்தாம் அணை. 1962-இல் திறந்தது, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 230 மீட்டர் உயரத்தில், கெக் லோக் சி புத்தர் கோயிலுக்கு மேலே மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. இயற்கை ஏரி இல்லைதான். ஆனால் காலை மூடுபனி நீரின் மேல் நகரும்போது அந்த வேறுபாடு யாருக்கும் தோன்றாது. அணைக்கு ஏறும் சாலை குறுகலானது, வளைவு அதிகம். அதை நடந்து ஏறாமல் மேலே வரை சொந்தக் காடியிலோ கிராப் வாடகைக் காடியிலோ போய்விடுங்கள். கிராப்பில் போனால் ஒரு சிக்கல் உண்டு: இறங்கி வரும்போது மேலே வண்டி கிடைக்கத் தாமதமாகலாம், எனவே ஓட்டுநரிடம் திரும்பி வரும் நேரத்தை முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. நீரைச் சுற்றிப் போகும் பாதை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். வயதானவர்கள் தினமும் நடக்கும் பாதை அது. அம்மாவோடு புகைப்படம், தண்ணீர் குடிக்க நிற்பது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். மீன்களையும் ஆமைகளையும் கரையிலிருந்தே பார்க்கலாம். குடிநீர் என்பதால் இறங்கவோ தூண்டில் போடவோ கூடாது. அணையைச் சுற்றியுள்ள காட்டிலிருந்து கொடிமலைப் பக்கம் பல கிளைப்பாதைகள் பிரிகின்றன. அவற்றில் நுழையாதீர்கள். பல இடங்களில் ஒன்றுபோலவே தெரியும், வழி தவறுகிறவர்கள் பெரும்பாலும் ‘கொஞ்ச தூரம் பார்த்துவிட்டு வருவோம்’ என்று போனவர்கள்தான். நீர் எப்போதும் உங்கள் ஒரே பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நடந்தால் போதும்.

படிச் சோதனையில் அம்மா தேறியிருந்தால் இரண்டாம் நாள் தெலுக் பஹாங்கில் இருக்கும் பினாங்கு தேசியப் பூங்கா. 2003-இல் அறிவிக்கப்பட்டது, இப்போது 2021-இல் யுனெஸ்கோ ஏற்ற கொடிமலை உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதி. இங்கே உங்கள் இலக்கு கெராச்சுட் கடற்கரையும் அதன் பின்னால் இருக்கும் ஏரியும். நுழைவாயிலில் பெயர் பதிந்து, கட்டணம் கட்டி, எந்தப் பாதைகள் திறந்திருக்கின்றன என்று கேட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும். முதலில் கடலோரமாகச் சமமான பாதை. பிறகு துக்குன் ஆற்றின் அருகே பாதை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் கடலோரமாகக் குரங்குக் கடற்கரைக்கும் மூக்கா முனைக் கலங்கரை விளக்கத்துக்கும், இடது பக்கம் மலையைத் தாண்டிக் கெராச்சுட்டுக்கும் போகும். நுழைவாயிலிலிருந்து கெராச்சுட் சுமார் மூன்றரை கிலோமீட்டர். வழக்கமாக ஒன்றரை மணி நேரம் என்பார்கள், நீங்கள் இரண்டேகால் மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் பாதி ஏற்றம், மறுபாதி இறக்கம். இதை ‘எளிது’ என்று யாராவது எழுதியிருந்தால் அது முப்பது வயதுக்காரருக்கு எழுதியது. உங்கள் அம்மாவுக்கு இது நடுத்தரம். அவர் முடியும் என்று சொன்னாலும், பிரியும் இடத்தில் ஒருமுறை உட்கார்ந்து யோசியுங்கள். அதுதான் திரும்புவதற்கு நல்ல இடம். அதுவரை வந்ததே கடலோரக் காட்டு நடை, அங்கிருந்து திரும்பினாலும் நாள் வீணாகாது.

கெராச்சுட் போனால் திரும்பும் வழி படகாக இருக்கட்டும். நுழைவாயிலில் இருக்கும் படகுக்காரர்களிடம் புறப்படும் முன்பே பேசி, எத்தனை மணிக்கு வந்து ஏற்றிக்கொள்வது என்று முடிவு செய்துவிடுங்கள். ஆள் கணக்கில் இல்லாமல் படகுக் கணக்கில் கூலி கேட்பார்கள், வேறு குடும்பத்தோடு சேர்ந்துகொண்டால் குறையும். மதியத்துக்கு மேல் கடல் கரடுமுரடாகும், பலமாகக் காற்றடித்தால் படகே ஓடாது. அதனால் காலையில் நடந்து போய் நண்பகலுக்குள் படகில் திரும்புவதுதான் முறை. காலையில் கடல் ஏற்கெனவே கொந்தளிப்பாக இருந்தால் கெராச்சுட் திட்டத்தை அன்றைக்குக் கைவிடுங்கள். போய்விட்டுப் படகு இல்லாமல் அம்மா மறுபடி மலை ஏறி இறங்க நேர்வதுதான் இந்த நடையில் நடக்கக்கூடிய மிக மோசமான தப்பு.

அந்த ஏரியைப் பற்றி மகனுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மெரோமிக்டிக் ஏரி என்பார்கள். இரண்டு அடுக்குத் தண்ணீர் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும். மலையிலிருந்து வரும் நன்னீர் மேலே, கடலிலிருந்து வந்த உப்புநீர் கீழே. உப்புநீர் கனமானது, அதனால் மேலே எழாது. அதனாலேயே உள்ளே புகுந்த வெயிலின் சூடு அடியிலேயே தங்கி, மேல்தண்ணீர் குளிர்ந்தும் கீழ்த்தண்ணீர் வெதுவெதுப்பாகவும் இருக்கும். சாதாரண ஏரிக்கு நேர்மாறு. இதில் உறுதியில்லாதது ஒன்றுதான்: நீங்கள் போகும் நாளில் அது ஏரியாக இருக்குமா என்பது. மழை நாட்களில் நிரம்பும், வறண்ட மாதங்களில் வெறும் சேற்றுப் பரப்பாகிவிடும். யார் உறுதி சொன்னாலும் நம்ப வேண்டாம், அன்று காலை நுழைவாயிலில் இருப்பவரிடம் கேட்பதே சரி. ஏரி வற்றியிருந்தாலும் பக்கத்தில் ஆமை பாதுகாப்பு நிலையம் உண்டு. கடலில் மட்டும் குளிக்க இறங்காதீர்கள். பார்க்க அமைதியாக இருந்தாலும் நீரோட்டம் பலமானது, ஜெல்லி மீன்களும் உண்டு.

குழந்தை தண்ணீரில் கால் நனைத்தே ஆக வேண்டும் என்றால் அதற்கு தெலுக் பஹாங் வன உல்லாசப் பூங்கா இருக்கிறது, தமான் ரிம்பா என்று கேளுங்கள். தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் சாலையில். ஓடையில் பாறைகளுக்கிடையே குட்டைகள், பக்கத்தில் உட்கார நிழற்குடில்கள், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். அதே சாலையில் தெலுக் பஹாங் அணையைத் தாண்டி மலையேறினால் தித்தி கெராவாங் அருவி வருகிறது. சாலையோரத்தில் நிறுத்திப் பார்க்கலாம். அங்கும் தண்ணீரைக் குழாயில் எடுத்துவிடுகிறார்கள், குழாய்கள் கண்ணெதிரே தெரியும். நல்ல மழைக்கு மறுநாள் அழகாக இருக்கும், வறண்ட வாரத்தில் பாறைதான். அருவிக்காக மட்டும் அங்கே போகாதீர்கள், பாலிக் பூலாவுக்குப் போகும் வழியில் பத்து நிமிட நிறுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். பருவமாக இருந்தால் சாலையோரத்தில் டுரியானும் கிடைக்கும். தீவுக்கு வெளியே, பெருநிலத்தில் புக்கிட் மெர்தாஜாம் அடிவாரத்துச் செரோக் தொக்குனும் நல்ல நிழலான இடம். பக்கத்து செயின்ட் ஆன் தேவாலய வளாகத்தில் பழைய இந்திய எழுத்துப் பொறித்த பாறை ஒன்று இருக்கிறது. 1845-இல் ஜேம்ஸ் லோ கண்டு எழுதியது. கிள்ளானுக்குத் திரும்பும் வழியில் நேரம் இருந்தால் பாருங்கள்.

தரையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், விழுகிறவர்கள் அருவியில் விழுவதை விட வழியில் விழுவதுதான் அதிகம். கருங்கல் உதிர்ந்து பருமணலாகக் கெட்டித் தரைமேல் கிடக்கும், கடுகு கொட்டிய தரையில் நடப்பது போல. சரிவில் அந்த மணல் தெரிந்தால் பாதையின் நடுவை விட்டு, இலை மக்கிய ஓரத்தில் காலை வையுங்கள். ஈரப் பாறையில் வெளுத்த பகுதி பிடிக்கும், கறுத்தோ பச்சையாகவோ இருப்பது பாசி. வேர்களின் மேல் மிதிக்காமல் தாண்டுங்கள். சிமெண்டுப் படி என்றால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். நிழலில் இருக்கும் சிமெண்டுப் படியில் பாசி படர்ந்தால் பாறையை விட மோசம். காலணிக்கு விலை உயர்ந்த ஷூ தேவையில்லை. அடியில் பல் பல்லாக இருக்கும் கறுப்பு ரப்பர் ஷூ, ‘அடிடாஸ் கம்போங்’ என்று எந்தக் கடையிலும் கேளுங்கள். தோட்டங்களில் போட்டது அதைத்தான், மண்ணிலும் ஈரப் பாறையிலும் நன்றாகப் பிடிக்கும். ஒரு குறை: அடிப்பாகம் மெத்தென்று இருக்காது, அதிர்ச்சி நேராக முழங்காலுக்கு ஏறும். மகனுக்கு அது சரி. அம்மாவுக்கு அணைப் பாதைக்கும் பூங்காவுக்கும் வழக்கமான நடைப்பயிற்சி ஷூ, கெராச்சுட்டுக்கு மட்டும் பிடிப்புள்ள ஷூவும் கைத்தடியும். ஊன்றுகோல் ஒன்றை விட இரண்டு நல்லது. இறங்கும்போது முதலில் கோல், பிறகு வலிக்கும் கால், கடைசியில் நல்ல கால். ஏறும்போது நல்ல கால் முதலில். சின்னச் சின்ன அடியாக வைத்தால் பாதி வலி குறையும்.

ஓடைப் பக்கம் இருக்கும்போது வானத்தை விடத் தண்ணீரைப் பாருங்கள். மலை உச்சியில் பெய்யும் மழை கீழே தெரியாது, வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வரலாம். இதைத்தான் ‘கெப்பாலா ஆயேர்’ என்கிறார்கள். தெளிந்த நீர் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்துக்கு மாறுவது, இலையும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வருவது, பாறையில் நீர்க்கோடு உயர்வது, சத்தம் கனப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பையையும் செருப்பையும் எடுக்க நிற்காமல் உடனே கரையேறுங்கள். ஓடையின் ஓரமாகக் கீழ்நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். இதை மகனுக்கு ஓடையில் இறங்கும் முன்பே சொல்லிக் காட்டுங்கள். புறப்படும் காலையில் வானிலைத் துறையின் மைசுவாச்சா செயலியில் இடி மழை எச்சரிக்கை இருக்கிறதா பாருங்கள். முந்தின இரவு விடிய விடிய மழை என்றால் அன்றைக்கு ஓடை வேண்டாம், அணைதான்.

சின்னச் சின்னதாகச் சில. காலையில் முடிந்தவரை சீக்கிரம் தொடங்கிப் பதினொன்றுக்குள் நடையை முடியுங்கள், இடி மழை பெரும்பாலும் பிற்பகலில்தான். புறப்படும் முன் பசியாறிவிட வேண்டும், அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை இருந்தால் இது இன்னும் முக்கியம். தண்ணீர் ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர், கெராச்சுட்டுக்கு ஆளுக்கு ஒன்றரை லிட்டர். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்குக்கு அது சாப்பாடு. எல்லாம் முதுகுப்பைக்குள் இருக்கட்டும். குரங்கு நெருங்கினால் பல்லைக் காட்டிச் சிரிக்காமல், கண்ணைப் பார்க்காமல், மெல்லப் பின்வாங்கச் சொல்லி மகனைப் பழக்குங்கள். மழைக்குப் பிறகு அட்டை இருக்கும். நீளமான காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிவிட்டால் போதும். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல் நகத்தால் வாய்ப் பக்கத்தைத் தள்ளிவிடுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, அது இயல்பு.

ஓடைத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், காலில் புண்ணோ சிராய்ப்போ இருந்தால் நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டாமல் இறங்கவும் வேண்டாம். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் வருவது அந்த வழியாகத்தான். நோய் உடனே தெரியாது, பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்புமாக வரும், சில சமயம் ஒரு மாதம் வரைகூடத் தாமதமாகலாம். கிள்ளான் திரும்பிய பிறகு மகனுக்கோ உங்களுக்கோ அப்படிக் காய்ச்சல் வந்தால், பினாங்கில் ஓடையில் இறங்கினோம் என்று மருத்துவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் டெங்கி என்றோ சாதாரணச் சளிக்காய்ச்சல் என்றோ நினைத்துச் சில நாட்கள் போய்விடும், அந்தச் சில நாட்கள்தான் இந்த நோயில் முக்கியம்.